சாரல் நாளில் நெல்லையிலிருந்து ஆரியங்காவு வரை: எந்த ரோடு, எங்கெல்லாம் நிற்கலாம்?

நொய்யல்கரை:

வணக்கமுங்க. ஆனி கடைசி முகூர்த்தத்தில் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும். கோவைக்குத் திங்கள்கிழமைதான் திரும்புகிறோம், அதனால் ஞாயிறு முழுக்கக் கையில் இருக்கிறது. அப்பா, அம்மா, மனைவி, நான். சின்ன கார்.

அப்பா மீட்டர்கேஜ் காலத்தில் செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு ரயிலில் போனவர். கழுதுருட்டியில் இருக்கும் பதிமூன்று கண் (வளைவு) ரயில் பாலத்தைக் கீழே ரோட்டில் நின்று ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார். அம்மாவுக்குப் பத்தமடையில் பாய் பார்க்க வேண்டும், தங்கைக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறோம். எனக்கு மழையில் மெதுவாக வண்டி ஓட்டி, வழியில் உள்ள சின்ன ஊர்களைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

ஆலங்குளம் வழியா, அம்பாசமுத்திரம் வழியா? ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் வண்டி நகருமா? மலைப்பாதையில் மழை பெய்தால் வயதானவர்களோடு போகலாமா? இருட்டுவதற்குள் நெல்லைக்குத் திரும்பிவிட வேண்டும். ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்.

ஆலங்குளத்தான்:

ஆலங்குளம் வழியாகப் போங்கள். நாலுவழிச் சாலை. தென்காசிக்கு 55 கிலோமீட்டருக்குள்தான் வரும், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். பெரியவர்கள் இருக்கிறார்கள், குண்டு குழி இல்லாத ரோடு முக்கியம். மிச்சமாகும் நேரத்தை மலையில் செலவு செய்யுங்கள். பத்தமடைக்குச் சனிக்கிழமையே தனியாக ஒரு நடை போய் வந்துவிடலாம், நெல்லையிலிருந்து பக்கம்தான்.

அம்பை ரோட்டான்:

ஆலங்குளத்து அண்ணாச்சி சொல்வது தென்காசிக்குப் போய்ச் சேர வேண்டியவர்களுக்குச் சரி. தம்பி கேட்பது வேறு. சின்ன ஊர்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். அதற்கு இந்த மாவட்டத்தில் அம்பை ரோட்டை விட்டால் வேறு ரோடு கிடையாது. இருபது கிலோமீட்டர் கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

மேலப்பாளையத்தில் அம்பை ரோட்டைப் பிடித்து முன்னீர்பள்ளம், தருவை தாண்டினால் பத்தமடை. அங்கிருந்து சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. ஆற்றைக் கடந்தால் அம்பாசமுத்திரம். அப்புறம் ஆழ்வார்குறிச்சி, பொட்டல்புதூர், கடையம், மத்தளம்பாறை, தென்காசி. ஊருக்கு ஊர் நாலைந்து கிலோமீட்டர் இடைவெளிதான். நடுவில் வயல், வாழை, கால்வாய். பத்தமடையிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை கன்னடியன் கால்வாய்தான் அந்த ஊர்களை வாழவைக்கிறது. ஆனி, ஆடியில் கார் பருவ நெல் சாகுபடி. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்திருந்தால் தொளி அடித்த (சேறாக உழுத) வயல், நாற்றங்கால், நடவு எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

அந்த ஊர்களில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடக்க வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள். காரில் உட்கார்ந்தபடி பார்த்தால் எல்லா ஊரும் ஒரு பேருந்து நிலையம், ஒரு செல்போன் கடை, ஒரு பேக்கரி என்றுதான் தெரியும். மெயின் ரோட்டை விட்டு அக்ரகாரத்துக்குள்ளும் நெசவாளர் தெருவுக்குள்ளும் பத்து நிமிடம் நடந்தால்தான் ஊர் கண்ணில் படும்.

பத்தமடையில் கோரைப் பாய் நெய்வது பெரும்பாலும் பெண்கள், வீட்டுக்குள்ளேயே. ஆற்றங்கரைக் கோரையைக் கிழித்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய இழையாக்கி நெய்கிற பட்டுப்பாய்க்கு நாள் கணக்கில் உழைப்பு வேண்டும். மணமக்கள் பெயர் நெய்த பாய் வேண்டுமென்றால் அன்றைக்கே கிடைக்காது. முன்பணம் கொடுத்து எழுதிவைத்துவிட்டு வர வேண்டும். ஆவணிக் கல்யாணம் என்றால் இப்போதே சொன்னால்தான் சரியாக இருக்கும்.

வீரவநல்லூரில் சௌராஷ்டிர நெசவாளர் தெருக்கள் உண்டு. செடிபுட்டா சேலை அங்கே நெய்வதுதான், 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்லிடைக்குறிச்சிக்கு அப்பளம். அந்த ஊர்க் கோயிலிலிருந்து 1982-இல் திருடுபோன நடராஜர் சிலை ஆஸ்திரேலியாவில் ஒரு அருங்காட்சியகத்தில் இருந்து 2019-இல் திரும்பி வந்தது. குலசேகரமுடையார் கோயில் என்று கேளுங்கள், யாரும் வழி காட்டுவார்கள்.

அம்பையில் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வீட்டில் இட்லிக்குப் போடும் குண்டு அரிசி ஏ.எஸ்.டி. 16 என்றால், அந்த ஏ.எஸ்.டி. அம்பாசமுத்திரம்தான். கோவையில் தினமும் எங்கள் ஊர் இட்லியைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் தம்பி.

ஐந்தருவி:

சாரல் காலத்தில் இவ்வளவு தூரம் வந்துவிட்டு அருவியைப் பற்றி யாருமே பேசவில்லையே? அப்பளமும் பாயும் வருஷம் முழுக்க இருக்கும். அருவி அப்படியல்ல. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என்று ஒவ்வொன்றின் தண்ணீரும் ஒவ்வொரு விதமாக உடம்பில் விழும். பெரியவர்களுக்குப் புலியருவி போதும், கூட்டமும் குறைவு. மதியத்துக்குள் குற்றாலத்தில் இருக்கப் பாருங்கள். மங்குஸ்தான், ரம்புட்டான் பழங்களும் அப்போது கடைகளில் குவிந்திருக்கும்.

மழைக்கணக்கு:

எங்கே மழை இருக்கும், எங்கே இருக்காது என்று தெரிந்துகொண்டு கிளம்பினால் இந்தப் பயணம் இன்னும் நன்றாக இருக்கும்.

தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை எல்லாம் கேரளச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று வெப்பமாகி மேகம் கலைந்துவிடும். அதனால்தான் ஆனி, ஆடியில் திருநெல்வேலியில் வெறும் காற்றும் புழுதியும். ஆனால் ஆரியங்காவுப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து ஒரு வாசல் விட்டிருக்கிறது. அந்த வாசல் வழியாகக் காற்றோடு தாழ்ந்த மேகமும் இந்தப் பக்கம் வருகிறது. செங்கோட்டை, தென்காசி, குற்றாலத்தில் விழும் சாரல் இதுதான். கிழக்கே போகப்போக அது தேய்ந்து, ஆலங்குளத்தில் காற்று மட்டும் மிஞ்சுகிறது. அந்தப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கும் இதே வாசல்தான் காரணம்.

அம்பைக்குப் பின்னால் நிற்பது 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலை. அது மேகத்தை மறுபக்கமே பிடித்துவைத்துவிடும். எனவே அம்பை ரோட்டில் போனால் இடது பக்கம் மலை முழுக்கக் கருமேகம், வலது பக்கம் வெயில் என்று வெகுதூரம் போவீர்கள். கடையம் தாண்டும்போதுதான் கண்ணாடியில் முதல் தூறல் விழும். தென்காசியில் சாரல், மலையடிவாரத்துப் புளியரையில் மழை, கேரள எல்லையான கோட்டைவாசல் தாண்டியதும் அடைமழை. சுமார் 100 கிலோமீட்டருக்குள் இத்தனை மாற்றத்தைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பது பெரிய விஷயம். நாலுவழிச் சாலையில் போனாலும் இந்த மாற்றம் இருக்கும், ஆனால் வேகத்தில் தெரியாது.

இன்னொன்று. மழைப்பயணம் என்றதும் சிலர் கார்த்திகை, மார்கழியில் இந்தப் பக்கம் வருகிறார்கள். அது வேறு மழை. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி இரண்டு கரையையும் உடைத்துக்கொண்டு போனது. வடகிழக்குப் பருவத்தில் எச்சரிக்கை வந்துவிட்டால் வீட்டை விட்டுக் கிளம்பவே கூடாது. சாரலை நம்பி வரலாம். ஆனி, ஆடிதான் அதற்குக் காலம்.

கிளம்பும் நாள் காலையில் செய்தித்தாளில் அணை நிலவரம் பாருங்கள். செங்கோட்டைக்கு மேலே உள்ள குண்டாறு அணை 36 அடிதான், பெரும்பாலும் முதலில் நிரம்புவது அதுதான். அது நிரம்பி வழிகிறது என்றால் மலையில் நல்ல மழை என்று புரிந்துகொள்ளலாம்.

கடையத்து மருமகள்:

ஐந்தருவி அண்ணாச்சிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அருவி எனக்கும் பிடிக்கும், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து சீசன் தவறாமல் குளிக்கிறேன். ஆனாலும் வெளியூரிலிருந்து பெரியவர்களோடு வருகிறவர்களிடம் அருவியைத்தான் முதலில் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் சில நிமிடத்தில் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் போய்விட்டான். கீழே மழையே பெரிதாக இல்லாமல் மேலே கொட்டினால் இப்படித்தான் வரும். இது இன்று நேற்றுக் கதையும் இல்லை. சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர், 1925 ஜூன் மாதம் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் மகளைக் காப்பாற்றப் போய்த் தானும் தண்ணீரோடு போனார். அதுவும் இதே சாரல் மாதம். தண்ணீர் கலங்கலாக வந்தாலோ, இலை, சுள்ளி அடித்துக்கொண்டு வந்தாலோ அந்த நொடியே வெளியே வந்துவிட வேண்டும். பேரருவியில் பாதுகாப்பு வளைவை (ஆர்ச்சை)த் தாண்டித் தண்ணீர் விழுந்தால் காவலர்கள் குளிக்க விடமாட்டார்கள். அவர்களோடு வாதாடக் கூடாது.

எங்கள் ஊரில் ஒரு அரை மணி நேரம் நில்லுங்கள் தம்பி. பாரதியாரின் மனைவி செல்லம்மா பிறந்த ஊர் கடையம். 1918-இல் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தபின் 1920 வரை பாரதி இங்கேதான் இருந்தார். பாரதியும் செல்லம்மாவும் சேர்ந்து நிற்கும் சிலை ஒன்று இப்போது இருக்கிறது. ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் நித்திய கல்யாணி அம்மன் கோயில், பின்னால் மலை. மழை மேகம் இறங்கியிருக்கும் நாளில் அம்மாவும் அப்பாவும் அந்தக் கோயில் வாசலில் உட்கார்ந்தால் எழுந்துவர மனம் வராது.

அதற்கு முன்னால் வரும் பொட்டல்புதூர் பள்ளிவாசலில் எல்லா மதத்துக்காரர்களும் போய் வேண்டிக்கொள்வார்கள். எங்கள் மாமியார் வீட்டில் நேர்ச்சை என்றால் முதலில் அங்கேதான்.

டீசல் பாண்டி:

செங்கோட்டை - புனலூர் ரோட்டில் லாரி ஓட்டுகிறேன். மலைப்பாதையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

புளியரை தாண்டியதும் எஸ் வளைவு வரும். கேரளாவுக்குக் கல், எம்-சாண்ட் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் அங்கே முக்கி முக்கி ஏறும். அவசரப்பட்டு முந்தாதீர்கள். அந்த வண்டிக்காரன் கியர் மாற்றும்போது ஒரு கணம் பின்னால் வரும், ஒட்டிக்கொண்டும் நிற்காதீர்கள். ஏறும் வண்டிக்கு வழிவிடுவது மலையில் முறை. இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும்.

மழையில் பகலிலும் முன்விளக்கை எரியவிடுங்கள், லோ பீம் போதும். நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது. நீங்கள் திரும்புகிறீர்களா நிற்கிறீர்களா என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? கண்ணாடியில் ஆவி படிந்தால் ஏ.சி. காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், உடனே போய்விடும். துணியால் துடைத்தால் திரும்பத் திரும்பப் படியும்.

மாலை நாலு மணிக்கு மேல் ஆரியங்காவில் இருக்காதீர்கள். மரம் அடர்ந்த காடு, மேகமும் இறங்கினால் ஐந்து மணிக்கே இருட்டு. இது பயமுறுத்தச் சொல்வதில்லை. நிதானமாகப் போனால் நல்ல ரோடு.

நொய்யல்கரை:

இவ்வளவு எதிர்பார்க்கவே இல்லைங்க, எல்லோருக்கும் நன்றி. அம்பை ரோடு என்று முடிவு செய்துவிட்டோம். புனலூர் வரை போய் அந்தத் தொங்கு பாலத்தையும் பார்க்கலாமா, இல்லை பதிமூன்று கண் பாலத்தோடு திரும்பிவிடலாமா? சாப்பாடும் சொல்லுங்கள். அப்பா, அம்மா சைவம். எங்கள் இரண்டு பேருக்கும் பிரானூர் பார்டர் பரோட்டா வேண்டும்.

அம்பை ரோட்டான்:

புனலூர் தொங்கு பாலம் 1877-இல் கட்டியது, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு வேண்டாம். தென்மலையிலிருந்து இன்னும் இருபது கிலோமீட்டர், திரும்பவும் அதே தூரம். போகிற வழியில் எல்லா ஊரிலும் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் அவசரமாக ஓட்டினால் இரண்டும் கெட்டுப்போகும். கழுதுருட்டியோடு திரும்புங்கள்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பிக் காலைச் சாப்பாட்டை அம்பையிலோ கல்லிடையிலோ முடித்துவிடுங்கள். பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடு தென்காசியில். தென்காசியில் சைவச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நீங்கள் இருவரும் அங்கே ஒரு காபியோடு நிறுத்திக்கொண்டு பார்டரில் சாப்பிடுங்கள். மர அறுவை மில்களுக்கு நடுவே வரிசையாகக் கடைகள் இருக்கும். பரோட்டா சின்னதாக, மெதுவாக இருக்கும், வாழை இலையில் பிய்த்துப் போட்டுக் கோழிக் குழம்பு ஊற்றுவார்கள். கூட்டம் அதிகமுள்ள கடையில் உட்காருங்கள், அங்கேதான் கல்லிலிருந்து சூடாக வரும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது, எல்லை இந்தப் பிரானூரில்தான். எல்லை மலைக்கு நகர்ந்து இவ்வளவு வருஷமாகியும் ஊர்க்காரர்களுக்கு இதுதான் பார்டர்.

தென்காசி கோயிலுக்குப் போனால் கோபுர வாசலில் சற்று நில்லுங்கள். மேற்கிலிருந்து வரும் காற்று உங்களை எதிர்த்துத் தள்ளும், உள்ளே நாலடி போனால் பின்னாலிருந்து தள்ளும். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில். பிற்காலத்தில் இந்தக் கோயிலைப் பழுது பார்த்துக் காப்பவர்களின் காலில் விழுகிறேன் என்று கல்வெட்டில் சொல்லி வைத்தவன் அவன். கோபுரம் பிளந்து வெகுகாலம் மொட்டையாக நின்று, மீண்டும் கட்டி 1990-இல் குடமுழுக்கு நடந்தது. அந்தக் கல்வெட்டைத் தெரிந்துகொண்டு கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தால் யாருக்கும் நெஞ்சு நிறையும்.

ஆலங்குளத்தான்:

அம்பை ரோட்டின் அழகை நான் மறுக்கவில்லை அண்ணாச்சி. எங்கள் ரோட்டிலும் இரண்டு பக்கமும் மரம் இருந்தது. அகலப்படுத்த எல்லாவற்றையும் வெட்டினார்கள். வேலை வருஷக்கணக்கில் இழுத்ததில் நாங்கள் புழுதி தின்றோம். ஆம்புலன்ஸ் இப்போது சீக்கிரம் போகிறது, பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி வண்டி நேரத்துக்குப் போகிறது, அந்த வகையில் ரோடு வந்தது நல்லதுதான். ஆனால் மழைக்கு ஒதுங்க ஒரு மரம் இல்லை. அம்பை ரோட்டையும் நாலுவழியாக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், ஊருக்கு வெளியே புறவழி போடுங்கள், மரத்தைத் தொடாதீர்கள் என்று இப்போதே சொல்லிவையுங்கள். எங்களைக் கேட்க யாரும் இல்லாமல் போனது.

அம்பை ரோட்டான்:

அண்ணாச்சி, உங்கள் வருத்தம் எங்களுடையதும்தான். நான் பள்ளிக்கூடத்துக்கு மருத மர நிழலில் போனவன். நீங்கள் சொன்னதை எங்கள் ஊர்க் கூட்டத்தில் அப்படியே சொல்வேன்.

நொய்யல்கரை:

போய் வந்துவிட்டோம். இரவு எட்டு மணிக்கு எழுதுகிறேன், எல்லோரும் பத்திரம்.

ஆறேகாலுக்குக் கிளம்பினோம். பத்தமடையில் நாங்கள் நினைத்ததைவிட நேரமாகிவிட்டது, ஆனால் அந்த ஒரு மணி நேரம் அம்மாவுக்காகவே அமைந்தது. பாய் நெய்யும் அக்கா ஒருவர் வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்து, இழை இழையாகக் கோரையைக் காட்டினார். சாதாரணப் பாய்க்கும் பட்டுப்பாய்க்கும் உள்ள வித்தியாசத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். பட்டுப்பாய் துணி மடிக்கிற மாதிரி மடிகிறது. தங்கை பெயரும் மாப்பிள்ளை பெயரும் எழுதிக்கொடுத்து முன்பணம் கட்டிவிட்டோம். அவர் சொன்ன விலையில் அம்மா பேரம் பேசவில்லை. அம்மா பேரம் பேசாமல் வாங்கி நான் பார்த்ததே இல்லை.

சேரன்மகாதேவி வரைக்கும் வெயில். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. வீரவநல்லூரில் தெருவுக்குள் நடந்தோம், தறிச் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாதித் தறிகள் ஓடவில்லை. ஆனாலும் திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் செடிபுட்டாவின் பூ வேலைப்பாட்டைக் காட்டி விளக்கினார். மனைவி ஒரு சேலை எடுத்தார். மழைப்பயணம் என்று கிளம்பிக் காலை ஒன்பது மணிக்குள் பாய், சேலை என்று டிக்கி நிறைந்துவிட்டது.

கல்லிடைக்குறிச்சியில் இட்லி, வடை. அப்பளம் வாங்கிய கடைக்காரர், சாரல் காலத்தில் காயவைப்பதுதான் பெரிய போராட்டம், வெயில் தலைகாட்டும் நேரத்துக்குள் எல்லாவற்றையும் உலர்த்தி எடுக்க வேண்டும் என்றார். நமக்கு இன்பமாக இருக்கும் மேகம் அவர்களுக்குப் பிழைப்புக் கவலை. அதைக் கேட்டபின் கூடுதலாக நாலு கட்டு வாங்கினோம்.

அம்பைப் பாலத்தில் தாமிரபரணி. இடது பக்கம் மலையே தெரியவில்லை, முழுக்கக் கருமேகம். மழைக்கணக்கு ஐயா எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டியிருந்தேன். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து முதல் தூறலுக்காகக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். கடையம் கோயிலில் இருந்தபோது காற்று மட்டும்தான். ஊரைத் தாண்டி மத்தளம்பாறைக்குச் சற்று முன்னால் விழுந்தது. அப்பா கைதட்டினார்!

குற்றாலத்தில் பேரருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். தூரத்தில் நின்று பார்த்தோம், பழம் வாங்கினோம், கிளம்பினோம். ஐந்தருவி அண்ணாச்சி மன்னிக்க வேண்டும், புலியருவிக்கு அடுத்த முறை வருவோம். வண்டி நெரிசலில் முக்கால் மணி நேரம் போனது. ஞாயிறு வருகிறவர்கள் குற்றாலத்துக்குள் நுழையாமல் தென்காசியிலிருந்து நேரே செங்கோட்டைக்குப் போய்விடுவது நல்லது.

செங்கோட்டையில் வாஞ்சிநாதன் மணிமண்டபத்தில் நின்றோம். 1911-இல் ஆஷ் துரையைச் சுட்டபோது அவருக்கு இருபத்தைந்து வயதுதான் என்று சொல்லிவிட்டு அம்மா வெகுநேரம் பேசவில்லை. பக்கத்தில் தேநீர்க் கடையில் இருந்தவர்கள் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். திருவிதாங்கூர் சின்னத்தோடு அந்தப் பழைய வளைவு சாரலில் நனைந்து கருத்து நின்றது.

புளியரையில் நல்ல மழை. பாண்டி அண்ணன் சொன்னபடியே எஸ் வளைவில் ஒரு டாரஸுக்குப் பின்னால் இடைவெளி விட்டு இரண்டாம் கியரில் ஏறினேன். மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால் கீழே புளியரை வயல்கள் ஒரு ஓரத்தில் வெயிலோடு தெரிந்தன. கோட்டைவாசல் கருப்பசாமிக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கேரளத்துக்குள் நுழைந்ததும் வைப்பரை முழு வேகத்தில் வைத்தும் ரோடு சரியாகத் தெரியவில்லை. ஆரியங்காவில் ஓரம் கட்டிக் கட்டன் சாயா குடித்து, மழை விட்டதும் கிளம்பினோம்.

பாலத்தைப் பற்றி அப்பாவே சொல்லச் சொன்னார்: மேலிருந்து ரயிலில் போகும்போது இத்தனை உயரம் என்று அவருக்கு அப்போது தெரியவில்லையாம். அகலப்பாதைக்காகப் பலப்படுத்தியிருக்கிறார்கள், ஆனாலும் வளைவுகள் அப்படியே இருக்கின்றன என்று மகிழ்ச்சி. குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாக எண்ணினார், பதிமூன்று இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டார். 1904-இல் இந்தப் பாதையைப் போட்டவர்கள் இந்த மழையில் எப்படி வேலை செய்திருப்பார்கள் என்று திரும்பி வரும்வரை அதையேதான் பேசினார்.

மூன்றரைக்குத் திரும்பினோம். பார்டர் பரோட்டா மதியம் கிடைக்கவில்லை, ஐந்து மணிக்குச் சாப்பிட்டோம். திரும்புவதற்கு ஆலங்குளம் ரோடுதான். அண்ணாச்சி, அந்த ரோடு இல்லாவிட்டால் எட்டு மணிக்கு வந்திருக்க முடியாது. பாவூர்சத்திரம் தாண்டியதும் மழை நின்றது, ஆலங்குளத்தில் ரோடு காய்ந்து கிடந்தது.

ஐந்தருவி:

மன்னிப்பெல்லாம் எதற்குத் தம்பி. பெரியவர்களைத் தடுப்பைத் தாண்டி அழைத்துப் போகாமல் வந்தீர்களே, அதுவே நல்லது. மருமகள் அக்கா எழுதியதை நானும் யோசித்துப் பார்த்தேன். இனி யாராவது கேட்டால் தண்ணீர் நிலவரத்தைச் சொல்லிவிட்டுத்தான் அருவியைச் சொல்வேன்.

வீரவைக்காரன்:

எங்கள் தெருவுக்குள் நடந்தீர்கள் என்று படித்தபோது அவ்வளவு சந்தோஷம். நீங்கள் நின்ற ஆரியங்காவுக்கும் எங்கள் சமூகத்துக்கும் ஒரு உறவு உண்டு. அங்கே ஐயப்பனுக்குத் துணையான புஷ்கலா தேவி சௌராஷ்டிரப் பெண் என்பது நம்பிக்கை. மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்குச் சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராகப் போவார்கள், கோயில் தரப்பு மாப்பிள்ளை வீட்டார். ரோட்டின் இந்த முனையில் நெய்கிறவர்கள், அந்த முனையில் சம்பந்தி. செடிபுட்டாவைத் தண்ணீரில் முதல்முறை நனைக்கும்போது தனியாக அலசச் சொல்லுங்கள்.

டீசல் பாண்டி:

இடைவெளி விட்டு ஏறினேன் என்று எழுதினீர்களே, அந்த லாரிக்காரன் சார்பாக நன்றி. பத்தில் எட்டு பேர் விடுவதில்லை.

புதுப்பேட்டை நடை:

எனக்கு வண்டி இல்லை, ஓட்டவும் தெரியாது. இதே பயணத்தை இந்த மாதத்துக்குள் போக முடியுமா?

அம்பை ரோட்டான்:

தாராளமாக. திருநெல்வேலி - செங்கோட்டை பாசஞ்சரில் ஏறுங்கள். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பை, ஆழ்வார்குறிச்சி, கீழக்கடையம் என்று இதே ஊர்களில் நின்று போகும். ஜன்னல் இடது பக்கம் பிடியுங்கள், மலை அந்தப் பக்கம்தான். செங்கோட்டைக்கு மேலே மலைப்பாதையும் 2018-லிருந்து அகலப்பாதையாக ஓடுகிறது, ஆனால் பகலில் போகும் ரயிலாகப் பார்த்து ஏறுங்கள். சில ரயில்கள் அந்த மலையை இருட்டில்தான் கடக்கின்றன. பத்தமடைக்கு மட்டும் ரயில் தோதுப்படாது, நெல்லையிலிருந்து அம்பை, பாபநாசம் போகும் பேருந்தில் ஏறி இறங்கிக்கொள்ளுங்கள். குடை வேண்டாம், இந்தக் காற்றுக்குத் திரும்பிக்கொள்ளும். ரெயின்கோட் எடுத்துக்கொள்ளுங்கள்.